பறவைக் காலில் சீட்டுக் கட்டியவள்

முதலில் என் அக்காவின் கையைப் பாருங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் சொல்கிறேன். உள்ளங்கை முழுக்க அரிசிக் குருணையை ஒட்டி வைத்தது போல் சின்னச் சின்னதாய்க் காய்ப்பு. கடப்பாரை பிடித்த கையாக இருந்தால் சரி, போகட்டும் என்று விடலாம். இவள் வாழ்நாளில் பிடித்ததெல்லாம் ஒரு மெல்லிய தூரிகை, கொஞ்சம் நூல், எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லாத செத்த பறவைகள். அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்தில் ஜனங்கள் பார்க்காத பின்பக்க அறையில் அவளுக்கு வேலை. சுவரெல்லாம் மர இழுப்பறைகள். எதை இழுத்தாலும் பறவைகள் வரிசையாய் மல்லாந்து கிடக்கும். தோலை உரித்து உள்ளே பஞ்சு அடைத்து, எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போனவை. கண் இருக்க வேண்டிய இடத்திலும் பஞ்சுதான். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். என்ன பறவை, எங்கே சுட்டது, யார் சுட்டது என்று அதில் இருக்கும். சீட்டு மக்கிப் போனால் புதிதாய் எழுதிக் கட்டுவது அக்கா. அந்தக் காலத்துப் படப்புத்தகங்களில் பூச்சி அரித்த படங்களைப் பார்த்து மறுபடி வரைவதும் அவள்தான்.

ஒரு தடவை பளபளவென்று நீலத்தில் ஒரு பாம்பு வரைந்தாள். பழைய படத்திலும் நீலம், எதிர் அலமாரியில் கண்ணாடி ஜாடிக்குள் சாராயத்தில் ஊறிக் கிடந்த பாம்பும் நீலம். அப்புறம்தான் தெரிந்தது, உயிரோடு இருக்கும்போது அது பச்சைப் பாம்பாம். சாராயத்தில் கிடந்து கிடந்து நீலமாகிவிட்டதாம்.

"அந்தப் படக்காரன் பாம்பை உசுரோட பாத்ததே இல்லடி! நான் மட்டும் என்ன கிழிச்சேன்? நானும் அதே நீலத்த அடிச்சு வெச்சேன்" என்று வீட்டுக்கு வந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சீட்டுக் கட்டுவதற்கு அந்த அறையில் ஒரு முறை உண்டு. பறவையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கால், கொஞ்சம் அழுத்தினால் பட்டென்று ஒடியும். சீட்டின் ஓட்டையோ கடுகளவு. அதனால் நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, முறுக்கி, கோத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குவார்கள். இவளுக்கு முன் இருந்தவர் அப்படித்தான் செய்தார், இவளும் அப்படியே செய்தாள். நான் தையல்காரி. நாள் முழுக்க நூலை வாயில் வைக்கிறவள். எனக்கு அதில் என்ன தப்பு தெரியப்போகிறது?

மேலதிகாரிக்கு அங்கே 'பென்சில்' என்று பட்டப்பெயர். எந்தப் பறவையையும் கையால் தொட மாட்டார். பென்சிலின் பின்பக்கத்தால் சுட்டிக்காட்டி, "இது, அப்புறம் அது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"பெரிய பதவிடி. கை அழுக்காகக் கூடாதுல்ல" என்பாள் அக்கா. நானும் சிரிப்பேன்.

காய்ப்பு வந்ததும் களிம்பு தடவினாள். பாதத்திலும் வந்தது. விரல் நுனி மரத்துப்போனது. வயிற்றில் கரும்புள்ளி கிளம்பியதும் இனி இவள் பேச்சைக் கேட்கக் கூடாதென்று தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். என்ன வேலை என்று கேட்டார். அக்கா பெருமையாய் ஒன்று விடாமல் சொன்னாள். நூலை உதட்டில் வைப்பதைச் செய்தே காட்டினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பறவைக்குள்ள என்ன தடவியிருக்காங்கன்னு தெரியுமாம்மா?"

"பூச்சி அரிக்காம இருக்க ஏதோ மருந்துன்னு சொல்லுவாங்க."

"மருந்து இல்லம்மா. பாஷாணம், ஆர்சனிக்குன்னு சொல்ற விஷம். எத்தனை வருஷம் ஆனாலும் போகாது. இந்தக் காய்ப்பு புற்றாக்கூட மாறலாம். இனிமே விடாம வந்து காட்டணும்."

வெளியே வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"திங்கக்கிழமை சின்னவ வேலைல சேரணுமேடி."

சின்னவள் என்றால் அவளுடைய மகள். அக்கா இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறாள். அதே அறை, அதே முக்காலி மகளுக்குக் கிடைக்க வேண்டுமென்று பென்சிலிடம் நடையாய் நடந்தவளே அவள்தான். வீட்டில் ஒரு குச்சியைப் பறவைக் காலாக வைத்துக்கொண்டு மகளுக்குச் சீட்டுக் கட்டப் பழக்கியிருந்தாள். உதட்டில் ஈரம், முறுக்கு, பல்லில் இறுக்கு. பெண் அச்சாய் அம்மாவைப் போலவே செய்தாள்.

மறுநாள் காலை மூவரும் போனோம். அக்கா முதலில் தன் அறைக்குள் போய், கைக்குட்டையில் எதையோ சுற்றி எடுத்து வந்தாள். பென்சிலின் அறையில் கண்ணாடி போட்ட மேஜை, சுவரில் சட்டம் போட்ட மீன்கொத்திப் படம். அது அக்கா வரைந்தது. நான் டாக்டர் சொன்னதைக் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாய்த் தலையாட்டினார்.

"டாக்டருங்க எதையும் பெருசாத்தான் சொல்லுவாங்க. எத்தனை பேர் இங்க வேலை பாத்திருக்காங்க, யாருக்கு என்ன ஆச்சு? அந்த மருந்தெல்லாம் எப்பவோ காத்துல போயிருக்கும். பொண்ணு தாராளமா வரட்டும்."

"யாருக்கு என்ன ஆச்சா? கண்ணு தெரியலையா உங்களுக்கு? இவ கையப் பாருங்க!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"நீ சும்மா உக்காருடி" என்று அக்கா என் முழங்கையைப் பிடித்து அமர்த்தினாள்.

கைக்குட்டையைப் பிரித்தாள். ஒரு மீன்கொத்தி. காலில் நூல் மட்டும் தொங்கியது, சீட்டு தனியே கிடந்தது. கண்ணாடி மேஜைமேல் அவர் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"சார், சீட்டு அவுந்துபோச்சு. எனக்கு விரல் மரத்துப்போய் நூல் பிடிபட மாட்டேங்குது. நீங்க இந்த நுனிய மட்டும் உதட்டுல ஈரம் பண்ணிக் கோத்துக் குடுங்க."

நூல் நுனியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் பின்னால் தள்ளிய வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. "ஏய்! அதை முதல்ல எடு! மேஜையிலேர்ந்து எடு!" என்று கத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரப்பர் கையுறைப் பெட்டி. புதுசு இல்லை. பாதி காலியான பெட்டி. பதறிப் பதறி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார்.

அக்காதான் பேசினாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"தெரியும்! உனக்கு அன்னிக்கே தெரியும்! அதான் பென்சிலால தொட்ட. இதுல ஒரு ஜோடிய என் மேஜைல தூக்கிப் போட உனக்கு மனசு வரலையாடா பாவி? எம் பொண்ணையும் அனுப்பச் சொல்றியே!" மகள் பக்கம் திரும்பினாள். "எந்திரி. உனக்கு இந்த வேலை வேண்டாம்."

பென்சில் மணியை விடாமல் அடித்தார். இழுப்பறைகளைத் துடைத்து அடுக்கும் பணியாளர் ஓடி வந்தார். அக்காவோடு அதே அறையில் தலை நரைத்தவர். கதவருகே நின்று பறவையைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார், அப்புறம் அந்தக் கையுறைகளைப் பார்த்தார்.

"என்ன முழிக்கிற? இதை எடுத்துட்டுப் போ!"

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்கதான் உறை போட்டிருக்கீங்களே சார். நீங்களே எடுங்க."