மூன்று விரல் இடைவெளியும் ஓர் ஏலக்குரலும்

மூன்று விரல் அகலம். இரண்டாவது பிள்ளை பிறந்து ஆறாவது மாதம், கரோலினின் தொப்புளுக்கு மேலே வயிற்றுத் தசை இரண்டாகப் பிரிந்து நின்ற இடைவெளி அது.

ராயபுரத்துக் கரோலின் காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவள். கூடையைக் கொட்டியதும் கூட்டத்தைத் தாண்டி, ஐஸ் உடைக்கும் இரைச்சலைத் தாண்டி, கடைசி வரிசையில் நிற்கும் வியாபாரிக்கும் விலை கேட்க வேண்டும். அந்தத் தொழிலுக்கு முதல் என்றால் குரல்தான். படகு முதலாளி அம்புரோஸின் இரண்டு படகு மீனையும் பல வருஷமாக அவள்தான் விற்றுக் கொடுத்தாள்.

பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே குரல் பாதியில் உடைந்தது. வயிற்றில் பிடிமானமே இல்லை. மாமியார் வியாகுலம்மாள் சும்மா இருப்பாளா? பிள்ளை பெற்றவளுக்குப் பழைய புடவையைக் கிழித்து வயிற்றில் கட்டுவது வழக்கம். "லூசா கட்டிகினு போனா இன்னாத்துக்கு ஆவும்? மூச்ச இழுடி" என்று, மருமகள் இடுப்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் கரோலின் பழக்கப்படி மூச்சைப் பிடித்து, வயிற்றை முன்னால் தள்ளிக் கூவினாள். குரல் வந்தது. கூடவே சிறுநீரும் வந்தது. யாரும் கவனிப்பதற்குள் பக்கத்திலிருந்த ஐஸ் தண்ணீர் வாளியைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

"இன்னாமே, காலங்காத்தால குளியலா?" என்றான் ஒரு வியாபாரி.

"உன் மூஞ்சில முழிச்சா வேற இன்னா பண்றது?"

கூட்டம் சிரித்தது. அம்புரோஸ் சிரிக்கவில்லை. "தடைக்காலம் முடியற வரிக்கும் பாக்கறேன் கரோலு. படகு மறுபடி கடலுக்குப் போச்சுன்னா எனக்குத் தொண்டை வோணும். இல்லாங்காட்டி வேற ஆளுதான்."

மீன்பிடித் தடை ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடியும். அதுதான் அவளுக்குக் கிடைத்த அவகாசம்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் சங்கமித்ரா அவளைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னாள். வயிற்றின் நடுவே மீன் முதுகு போல ஒரு வரப்பு எழும்பியது. விரல் வைத்து அளந்தாள்.

"கட்டுறது தப்பில்லக்கா. இப்படி இறுக்கிக் கட்டிக்கிட்டு முக்கினா அழுத்தம் எங்க போகும்? கீழதான்."

"போன்ல காட்றாங்களே, படுத்துகினே எந்திரிக்கிறது, அத்த செய்யட்டா?"

"இப்போ வேணவே வேணாம். வரப்பு எழும்புற எதையும் செய்யாதீங்க. எழுந்தா ஒருக்களிச்சு எழுங்க. மூச்ச விடும்போது அடிவயித்த மெதுவா உள்ள இழுங்க."

கேட்க எளிது. வயிற்றைத் தள்ளியே கூவிப் பழகியவளுக்கு, உள்ளே இழுத்துக் கூவினால் பூனைக்குட்டிக் குரல்தான் வந்தது. கரோலின் விடவில்லை. பிள்ளையைத் தூக்கும்போதும், தண்ணீர்க் குடத்தை நகர்த்தும்போதும் மூச்சை விட்டு வயிற்றை இழுத்தாள். பிறகு அடுப்படியில் நின்று கூவத் தொடங்கினாள்.

"வூட்ல ஒரு நெத்திலி கூட இல்ல. யாருக்குடி ஏலம் வுடுற?"

"உனக்குத்தான் அத்தே. சங்கரா எட்த்துக்கிறியா?"

"அழுவுன மீன என் தலைல கட்டாத, போ."

ஆனால் அன்று மாலை புடவைத் துணியோடு வந்த வியாகுலம்மாள் முழங்காலை முட்டுக்கொடுக்கவில்லை. "இவ்ளோ போதுமா?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டினாள். மே மாதக் கடைசியில் அந்தக் கட்டும் தேவைப்படவில்லை.

தடை முடிந்து அம்புரோஸின் முதல் படகு வந்தது. கரோலின் கூடை முன்னால் நின்று தொடங்கினாள். நடுவில் குரல் தடுமாறியது. வயிறு பழையபடி முன்னால் தள்ளப் பார்த்தது. நிறுத்தினாள்.

"இன்னா, பேட்டரி தீந்துச்சா?" என்றது ஒரு குரல்.

பதில் சொல்லி மூச்சை வீணாக்கவில்லை. நிதானமாக மூச்செடுத்து, அடிவயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே கூவினாள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அம்புரோஸ் அடுத்த கூடையை அவள் காலடிக்குத் தள்ளினார்.

இடைவெளி இப்போது ஒன்றரை விரல். முழுதாக மூடாமலும் போகலாம், பிடிமானம்தான் முக்கியம் என்று சங்கமித்ரா சொல்லியிருக்கிறாள். பயிற்சி இன்னும் முடியவில்லை. அம்புரோஸின் இரண்டாவது படகு வெள்ளிக்கிழமை கரை சேர்கிறது. அந்த மீனையும் கரோலின்தான் ஏலம் விடுகிறாள்.