வடக்குப் பார்த்து நின்ற வண்டி: குரும்பலூரிலிருந்து விக்கிரமங்கலம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஐப்பசியில் இந்தப் பயணம் போனோம். அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. மட்டமாகப் படுத்தால் மூச்சு அடைக்கும். நெடுநேரம் உட்கார்ந்தால் மயக்கம் வரும். தலைமாடு ஒரு முழம் உயர்ந்திருந்தால் ஓரளவு நிம்மதியாக இருப்பார். விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "பேரனை ஒரு தடவை மடியில போட்டுப் பாத்துட்டா போதும்டா தம்பி" என்று தினமும் அதே பேச்சு. அந்த உடம்பை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

நான் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். ராணுவத்தார் ஏலம் விட்ட இரட்டைச் சக்கர டிரெய்லர் ஒன்றை வாங்கி, கூரை போட்டு, ஜன்னல் வைத்து, உள்ளே கட்டில் அடித்திருந்தேன். என் பழைய காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகலாம். ஊரில் அதற்கு 'சக்கர வூடு' என்று பெயர். கட்டிலின் தலைமாடு டிரெய்லரின் மூக்குப் பக்கம், அதாவது காரோடு பூட்டுகிற பக்கம் இருக்கும். நிறுத்திய இடத்தில் காரை அவிழ்த்துவிட்டு, மூக்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வேண்டிய உயரம் தூக்கிக்கொள்ளலாம்.

இப்படி வண்டி கட்டிப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் பக்கவாட்டு மட்டம். கட்டில் சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்; தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றுங்கள். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல். அதற்கப்புறம்தான் காரை அவிழ்க்க வேண்டும், மூக்கைத் தூக்க வேண்டும். கல் கொடுக்காமல் அவிழ்க்கிறவன் கையைக் காலை ஒடித்துக்கொண்டால் என்னிடம் வந்து அழ வேண்டாம்.

காலை ஏழு மணிக்குக் குரும்பலூரை விட்டோம். உள்ளே அண்ணனும் அண்ணியும், காரில் நான். பெரம்பலூர் ஐந்து மைல். அங்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர், எனக்கு ஒரு காப்பி. அங்கிருந்து அரியலூர் இருபது மைல். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சரிவில் இறங்கினால், எதிரே ஓடை சாலைக்கு மேலே இடுப்பளவு ஓடுகிறது. எங்களுக்குப் பின்னால் பருத்தி ஏற்றிய பாரவண்டிகள் வந்து நின்றுவிட்டன. சாலையை அடைத்து நிற்க வழியில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் மருதை என்பவர் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். "ஓடை வடிய பொழுது சாஞ்சிடுங்க. நம்ம தரிசுல கொண்டாந்து வுடுங்க" என்றார். நல்ல மனுஷர். ஆனால் தரிசு இரண்டு கருவேல வேலிகளுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி இருந்தது. வண்டி வடக்குப் பார்த்து நிற்கலாம், அல்லது தெற்குப் பார்த்து நிற்கலாம், வேறு வழியில்லை. நிலம் வடக்கே மேடு, தெற்கே பள்ளம்.

வடக்கே மூக்கை வைத்தால் தலைமாடு தானாகவே உயரும். அடியில் ஒரு கல் போதும். அப்படித்தான் நிறுத்தப் போனேன். அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

"டேய், இது வடக்குடா. மறந்தும் வடக்கே தலை வெக்காதேன்னு சின்னப் புள்ளையிலேருந்து சொல்லி வளத்தாங்க. என்னைக் கொல்லப் பாக்கறியா?"

"அண்ணே, மூச்சுக்குத்தான் சொல்றேன்."

"மூச்சு போனாலும் பரவால்ல. திருப்பு."

அண்ணியும் அதையே சொன்னார். மருதையும், "வேணாங்க, சீக்காளிய வடக்கே தலை வெச்சுப் படுக்க வெக்காதீங்க" என்றார். மூன்று பேருக்கு எதிரே நான் ஒருவன் என்ன செய்ய? திருப்பினேன். இப்போது தலைமாடு பள்ளத்தில் இருந்தது. பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்து, உச்சிவரை ஏற்றினேன். ரசமட்டம் சரியாகத்தான் காட்டியது. அண்ணன் கண்ணயர்ந்தார்.

கரிசல் மண்ணைப் பற்றி மருதை பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "காஞ்சா கல்லுங்க, நனைஞ்சா களி. எதை வெச்சாலும் உள்ள வாங்கிக்கும்." சொல்லி வாய் மூடவில்லை, மழை மறுபடி கொட்டியது. பலகை ஒரு பக்கமாக அமுங்கி, ஜாக்கி சாய்ந்து, மூக்கு சேற்றில் குத்தியது. தலை கீழே, கால் மேலே. "ஐயோ, மூச்சு நின்னுபோச்சே!" என்று அண்ணி அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உள்ளே தாவினேன். உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். நிமிர்த்தி அண்ணியின் தோளில் சாய்த்துவிட்டு வெளியே ஓடினேன். ஜாக்கி சேற்றுக்குள் போயிருந்தது. மறுபடி தெற்கே தூக்க எதுவும் இல்லை. "மாட்டைக் கொண்டாங்க, வடக்கே திருப்பணும்" என்றேன்.

மருதை தயங்கினார். "வடக்கு ஆயிடுங்களே..."

"ஆனா ஆவட்டும்யா! ஆளு போயிட்டா எந்தத் திசையில வெச்சு என்ன?" என்று கத்தினேன்.

மாடுகளைப் பூட்டித் திருப்பினோம். மேட்டில் மூக்கை ஒரு கல்லின்மேல் உட்கார்த்தினோம். படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிட்டது. உதட்டுக்கு நிறம் வந்தது. அசந்து தூங்கினார். திருப்பியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

நாலு மணிவாக்கில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அண்ணன் கண் விழித்தார். வலப்பக்க ஜன்னலில் வெயில் அடித்தது. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்கால வெயிலு வலக்கைப் பக்கம் அடிக்குது. வடக்கே வெச்சுட்டியாடா?"

"ஆமாண்ணே. மூச்சு வந்துச்சுல்ல?"

அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி நீட்டிய மருந்தையும் வாங்கவில்லை.

பொழுது சாய ஓடை வடிந்தது. அரியலூரில் சத்திரத்தடியில் தங்கி, மறுநாள் காலை பன்னிரண்டு மைல் போய் விக்கிரமங்கலம் சேர்ந்தோம். மகள் பிள்ளையை ஏந்திக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். "அப்பா, இந்தா உன் பேரன்" என்று மடியில் விடப் போனாள்.

அண்ணன் இரண்டு கையையும் எடுத்துத் தடுத்தார். "வேணாம்மா. எனக்கு வடக்கு ஆயிடுச்சு. என் மேல போடாத, புள்ளைக்கு ஆவாது. அங்க நின்னே காட்டு."

நான் அதட்டினேன், கெஞ்சினேன், காலைக்கூடப் பிடித்தேன். அசையவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். நெஞ்சில் கோத்த நீர்தான் காரணம், திசை அல்ல என்று டாக்டர் சொன்னார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. என்னோடு பேச்சும் இல்லை.

நோயாளியோடு வண்டியில் போகிறவர்களே, கரிசலில் ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை இரண்டைக் குறுக்கும் நெடுக்கும் போடுங்கள். மழைக்காலத்தில் அதையும் நம்பாதீர்கள். கப்பிக்கல் கொட்டிய இடமாகப் பாருங்கள். வண்டி நாலு பக்கமும் திரும்புகிற இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். திசையெல்லாம் மூடநம்பிக்கை என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். படுத்திருக்கிறவர் நம்புகிறார்.

பிள்ளை இப்போது நடக்கிறான். அச்சு அசல் அண்ணன் ஜாடை. நான் போனால் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்கிறான்.