வருஷம் எழுதிய கற்கள்

கன்னையனைப் போல அண்ணன் பேச்சைத் தட்டாதவனை முதலிபாளையம் பக்கம் வலை வீசினாலும் பிடிக்க முடியாது. பெரியவன் பங்கு வைத்தால் சின்னவன்தான் முதலில் எடுக்க வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். நொய்யல் வளைந்து திரும்பும் இடத்தில் இந்தக் கரையில் இரண்டு ஏக்கர், எதிர்க்கரையில் இரண்டு ஏக்கர். எடுக்கச் சொன்னபோது கன்னையன், "நீங்களே சொல்லுங்கண்ணா" என்றான். மரியாதை அவனுக்கு அவ்வளவு முற்றியிருந்தது.

"வளைவுக்கு வெளிப்பக்கம் எடுத்துக்க கண்ணு. கரை உசரம், வெள்ளம் ஏறாது" என்றார் அண்ணன் செங்கோட்டையன். தாழ்ந்த கரையைத் தான் வைத்துக்கொண்டார். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. கன்னையன் மேட்டில் ஷெட் போட்டு, எட்டு தையல் மெஷின் இறக்கி, ஆற்றைப் பார்த்த சுவரில் 'செங்கோட்டையன் நிட்ஸ்' என்று போர்டு மாட்டினான்.

வெள்ளம் ஏறவில்லைதான். அடியில் குடைந்தது. வேகமாகத் திரும்பும் தண்ணீர் வெளிக்கரையை அறுத்துக்கொண்டே இருந்தது. எதிரே, உள்வளைவில் வேகம் தளர்ந்ததும், மேலிருந்து சுமந்து வந்ததை எல்லாம் இறக்கியது. முதலில் கூழாங்கல், அப்புறம் மணல், கடைசியில் வண்டல். இருபது வருஷத்தில் தம்பிக்குப் பன்னிரண்டு தென்னை போயிற்று. அண்ணனுக்கு அரை ஏக்கர் கூடிற்று. ஆற்றைத் திட்டினானே தவிர, அண்ணனை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை அந்த அப்பாவி.

போன ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றைப் பார்த்த அந்தச் சுவர் விரிசல் விட்டது. மெஷின்களைக் கொஞ்ச நாள் அண்ணன் நிலத்தில் வைக்கலாமா என்று கேட்க, பாலம் சுற்றி அக்கரைக்குப் போனான். வேலியிலிருந்து தண்ணீர் வரை வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வருஷம். அந்தந்த வருஷம் மணல் எதுவரை வந்தது என்பதற்கு அடையாளம். பாகம் பிரித்தது 2004இல். முதல் கல்லில் 1993 என்று எழுதியிருந்தது.

அண்ணன் வேலியோரம் நின்றிருந்தார். மெஷின் பேச்சை விட்டுவிட்டு, கன்னையன் அந்தக் கல்லைக் காட்டினான்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

செங்கோட்டையன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "மொதல்ல எடுக்கற உரிமை உன்னுதுதான. நீதான கண்ணு என்னையக் கேட்டே."

மறுநாள் வேலம்பாளையத்து வாடகைக் கட்டடத்துக்கு மெஷின்களை ஏற்றினான். போர்டைக் கழற்றட்டுமா என்று டெம்போக்காரர் கேட்டார்.

"இருக்கட்டுமுங்க. அடுத்த மழைக்கு ஆறு கொண்டுபோயிரும். எங்க எறக்கும்னு எங்கண்ணனுக்குத் தெரியும்."