அக்கா போடாத கையெழுத்து

எங்கள் அக்கா செய்யாற்றங்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குடும்பம் குவார்ட்டர்ஸுக்கு வந்தது. அம்மா காலமான பிறகு, தம்பி தங்கைகள் நால்வரையும் பார்த்துக்கொண்டே நர்சிங் படித்து முடித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இவ்வளவும் உறவினர்கள் அறிந்தவை. அறியாத ஒன்றையும் எழுத வேண்டும். நினைவு மலரில் கசப்பு வேண்டாம் என்றார் பெரியப்பா. பொறுத்தருளவும். அதை விட்டுவிட்டால் இது அக்காவைப் பற்றிய கட்டுரையாக இராது.

எண்பதுகளின் இறுதியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் தனியார் மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அவற்றுள் ஒன்றில் அக்கா வார்டு பொறுப்பாளராக இருந்தார். அதன் பெயரை எழுதக் கை கூசுகிறது. படித்த நர்சுகளை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, பத்தாவது முடித்த பெண்களுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி நோயாளிகளிடம் விட்டார்கள். நசரத்பேட்டையிலிருந்து வந்த ஜெரினா என்ற பெண், சோதனை ஊசி போட்டுப் பார்க்காமலே ஒரு பெரியவருக்குப் பென்சிலின் போட்டுவிட்டாள். அவர் மூச்சுத் திணறி நீலம் பாரித்துப்போனார். அக்கா ஓடிவந்ததால் பிழைத்தார்.

அக்கா அவளைத் திட்டவில்லை. உனக்கு என்னதான் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

“ஒண்ணும் தெரிலக்கா. தெரிஞ்ச மாரி நடிச்சுகினு கீறேன்.”

இந்தப் பெண்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன் என்று முதலாளி டாக்டரிடம் அக்கா அனுமதி கேட்டார். இது பள்ளிக்கூடமல்ல என்றார் அவர். அடுத்த மாதம் ஆய்வுக்கு அதிகாரிகள் வருவது தெரிந்ததும் அதே மனிதர் அக்காவை அழைத்தார். நடக்காத வகுப்புகள் ஓராண்டு நடந்ததாக அச்சடித்த சான்றிதழ்கள் மேசைமேல் இருந்தன.

“கையெழுத்துப் போடுங்க சிஸ்டர். நாளையிலேர்ந்து நீங்கதான் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்.”

“இவங்களுக்கு ஊசி போடத் தெரியும்னு நான் எழுதிக் குடுத்தா, அடுத்த ஆள் செத்துடுவார் சார்.”

மறுவாரம் அக்காவை வாசலில் டோக்கன் கூப்பிட உட்கார வைத்தார்கள். வேறொருவர் கையெழுத்துப் போட்டார். செவிலியர் தினத்தன்று அந்த அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தி, செவிலியரின் தலைமைப் பண்பு பற்றி டாக்டர் அரைமணி நேரம் பேசினார். அக்கா நின்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே வேலையை விட்டார்.

பிறகு வேறோர் இடத்தில் சாதாரண நர்சாகச் சேர்ந்தார். ஞாயிறுதோறும் அப்பா ஓய்வுபெற்றபின் நாங்கள் குடியேறிய பருத்திப்பட்டு வீட்டுக்குப் பழைய மருத்துவமனைப் பெண்கள் வந்தார்கள். சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழகினார்கள். மருந்துச் சீட்டை வாய்விட்டுப் படித்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லவும் அக்கா பழக்கினார். ஜெரினா பன்னிரண்டாவது எழுதி, முறைப்படி நர்சிங் படித்துத் தேறினாள்.

புற்றுநோயில் அக்கா படுத்திருந்த ஐந்து மாதமும் டூட்டிக்குப் போகுமுன் வந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, மருந்து கொடுத்தவள் அவளே. அவளுடைய குடும்பத்தாருக்கும், தோள்கொடுத்த பழைய குவார்ட்டர்ஸ் அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

‘எங்கள் மருத்துவமனையின் தூண்’ என்று அந்த டாக்டர் இம்மலருக்கு அனுப்பிய இரங்கல் செய்தியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ்களை டாக்டர் நீட்டிய அன்று மாலை, “எல்லாரும் போடறதுதானேக்கா, போட்டுடு” என்று அக்காவிடம் சொன்னவன் நான். அவர் எழுந்து எனக்குச் சோறு போட்டார். கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.