ஆடியில் ஒரு கிரேக்கக் கடற்கரை

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணியில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குத் தப்பிக்கத்தான், இருபத்தைந்தாவது கல்யாண வருஷம் என்று சொல்லி, போன ஆடியில் என் மனைவி வசந்தாவை கிரீஸ் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஆடியில் எவன் ஊர் சுற்றுவான் என்று நினைப்பு. அங்கே ஐரோப்பாவே லீவு போட்டுக் கடலில் இறங்கியிருந்தது!

ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பினால் வசந்தாவைக் காணோம். அவள் போன் என் பையில். அவளுக்கு நீச்சலும் தெரியாது. அந்தக் கரையிலேயே புடவை கட்டிய ஒரே பெண். அப்படியும் கண்ணில் படவில்லை. "வசந்தா!" என்று கத்திக்கொண்டு, குடை குடையாகக் குனிந்து பார்த்து, நாலு பேரிடம் முறைப்பு வாங்கினேன். கடல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. கிருத்திகைக் கூட்டத்தில் யார் தொலைந்தாலும் செருப்பு விட்ட இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஓடினேன். கரைக்கு இறங்கும் படியோரம், எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, உங்களைக் காணோம்னு அப்பவே இங்க வந்து உக்காந்துகினு இருக்கேன். வருசா வருசம் ஊருக்கே சொல்லுவீங்க, நீங்களே மறந்துட்டீங்களா?"

"ஐஸ்கிரீம் உருகிடுச்சு" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

அந்தக் கடலுக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு, கூட்டம் குறைந்த புரட்டாசியைச் சொல்கிறேன். நான் மட்டும் இப்போதெல்லாம், எந்த ஊரில் செருப்பைக் கழற்றினாலும், வசந்தாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.