வேலியோரம் நின்ற பத்தாம் நாள்

புல்வெட்டும் இயந்திரம் எங்கேயாவது உறுமி அடங்கினால், இன்றைக்கும் நான் மனதால் வைலே நகரில் தங்கச்சி வீட்டு வேலியோரம் போய் நின்றுவிடுகிறேன். ஊரில் போர் முடிந்த மாதம். ஞாயிற்றுக்கிழமை. வெட்டிய புல்லின் பச்சை வாசம், வெயில், வெயில்.

ஊரில் அகதி முகாமிலிருந்து பெரியண்ணை நாலு மணிக்குத் தொலைபேசி எடுப்பார் என்று செய்தி வந்திருந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஐந்து மாதமாகத் தெரியாது. அவருக்கு மனப்பாடமான இலக்கம் தங்கச்சி வீட்டுடையது ஒன்றுதான். சில்க்போர்க்கிலிருந்து மகள் கார் ஓட்ட, நான் பாதிவழியில் என் தொலைபேசியைப் பார்த்துச் சும்மா சொன்னேன்: போன வியாழனுக்கு முதல் வியாழன் பிறந்தநாளுக்குப் போன வீட்டில், அடுத்த நாளே பிள்ளைக்குச் சின்னமுத்துப் போட்டதாம்.

அவள் காரை ஓரங்கட்டினாள். கணிதம் படிக்கிறவள். சின்னமுத்து என்கிற தட்டம்மை ஓர் ஊருக்குள் எப்படிப் பரவும், எத்தனை பேருக்கு ஊசி போட்டால் அடங்கும் என்பதுதான் அந்த ஆண்டு அவளுடைய ஆய்வு. நாலு பெட்டி வரைவாள்: இனித் தொற்றக்கூடியவர்கள், தொற்றியும் வெளியே தெரியாதவர்கள், பரப்புகிறவர்கள், நோய் மாறிக் குணமானவர்கள். பெட்டிக்குப் பெட்டி அம்பு. நம்முடைய சனம் ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கும் என்று என்னிடம் கேட்டுப் போட்டுப் பார்த்தபோது, கோடு தாளை விட்டு மேலே பறந்ததாம். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"நீங்கள் எந்தப் பெட்டி, அப்பா?" என்று டேனிஷில் கேட்டாள்.

"சின்னனில வந்ததோ தெரியாது. ஊசி அட்டையெல்லாம் ஊரோட போச்சு."

விரல் மடித்து எண்ணினாள். அந்தப் பிறந்தநாளிலிருந்து இது பத்தாம் நாள். காய்ச்சல் காய முதலே நான் பரப்பலாமாம். தங்கச்சியின் குழந்தைக்கு ஏழு மாதம். ஊசிக்கு இன்னும் வயது வரவில்லை.

"என்ன விசர்க் கணக்கு! பிள்ளையை மேல விட்டிட்டன், வாங்கோ சின்னண்ணை," என்று, நாங்கள் போய் இறங்கியதும் தங்கச்சி யன்னலுக்குள் நின்று கூப்பிட்டாள். மகள் வாசலை மறித்தாள். என்னை வேலியோரம் நிறுத்தி, தங்கச்சி வீட்டுத் தொலைபேசியை யன்னல் விளிம்பில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

நாலு மணி. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டத் தொடங்கினார்! ஓடினேன். "என் அண்ணா, போரிலிருந்து," என்று மட்டும் டேனிஷில் வந்தது. இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியையும் கழற்றினார்.

மணி அடித்தது.

"ஆர் ஆர் நிக்கிறியள்?"

அதே குரல். தங்கச்சி விம்மிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் நிக்கிறம். சின்னண்ணை மட்டும் வேலிக்கரையில."

"ஏனடா, கோவமோ?"

"இல்லையண்ணை!" என்று கத்தினேன். "சின்னமுத்துப் பயம். உங்கடை பெறாமகள் கணக்குப் பார்த்து உள்ளுக்கை விடுறாள் இல்லை."

அண்ணை சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "இஞ்சை ஒரு கூடாரத்துக்கை மூண்டு குடும்பமடா. தள்ளி நிக்க இடமில்லை."

என் கால்கள் தாமாக யன்னலை நோக்கி இரண்டு எட்டு வைத்திருந்தன. மகள் கையை உயர்த்தினாள். நின்றேன்.

"பின்னால சனம் வரிசையில நிக்குது," என்றார் அண்ணை. "டேய், பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. அவள் சொல்லுறதைக் கேள், உள்ளுக்கை போயிடாதை. அப்ப, நான் வாறன்."