ஒரே வேளையில் கேட்ட இருவர்

என் மனைவி மறைந்த மறு ஆண்டு, திருநகர் வீட்டில் பேச்சொலியே அற்றுப்போயிருந்த நாட்களில், செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே மகள் அயல்நாட்டில் குடியேறிவிட்டாள். காலையில் பால்காரரிடம் ஒரு சொல், செய்தித்தாள் போடுபவரிடம் ஒரு சொல். அதன்பின் பொழுது சாயும்வரை என் குரலை நானே கேட்க வாய்ப்பில்லை. தொலைக்காட்சியில் எல்லாரும் உரக்கப் பேசினார்கள். அவர்களுள் ஒருவரும் என்னிடம் பேசுவதாகத் தோன்றவில்லை.

அந்தப் பெட்டியை இன்று பலரும் மறந்திருப்பர். பார்வைக்கு வழக்கமான வானொலி போன்றதே. உள்ளங்கையளவில் தட்டையான அலைவாங்கி ஒன்று கம்பியால் அதனுடன் இணைந்திருக்கும். கிழக்கே கடலுக்கும் அப்பால் விண்ணில் நின்ற செயற்கைக்கோளை அந்த அலைவாங்கி நேருக்கு நேர் பார்க்கவேண்டும். இடையில் சுவரோ கிளையோ வந்தால் ஒலி அறுந்துவிடும். பழைய வானொலியின் கரகரப்பு இதில் கிடையாது. கேட்டால் தெளிவாகக் கேட்கும். இல்லையேல் அடியோடு நின்றுவிடும்.

செய்திக்கு ஒன்று, திரைப்பாட்டுக்கு ஒன்று, மேலைநாட்டு இசைக்குச் சில என்று அலைவரிசைகள் பல இருந்தன. நான் கேட்டது கருநாடக இசை மட்டுமே ஒலித்த ஒன்றை. அதில் விளம்பரம் இல்லை. பாடுபவர் இன்னார், இராகம் இன்னது என்ற அறிவிப்பும் பெரும்பாலும் இல்லை. ஒரு பாட்டு முடியும், மூச்சுவிடும் நேரம் இடைவெளி, அடுத்தது தொடங்கும். என்ன வரப்போகிறது என்பது கேட்பவர் எவருக்கும் தெரியாது.

பெட்டியை விற்ற கடைக்காரர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "சார், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி வாங்கிருக்காரு. மகன் வெளிநாட்டுல இருந்து சொல்லி வாங்கிக் குடுத்துருக்காப்ல. தெச பிடிபடலயாம். கடைல ஆளில்ல, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றார். சற்று நேரத்தில் அந்த மனிதரே பேசினார்.

"அய்யா, இது ஊமையா ஒக்காந்திருக்கு. உங்களக் கேக்கச் சொன்னாக."

"கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில் திருப்புங்கள்" என்றேன்.

"தென்கிழக்குன்னா அக்கினி மூல. அடுப்படிப் பக்கமாங்க?"

"ஆம், அந்தப் பக்கந்தான்."

வீட்டின் தென்கிழக்கு மூலையில் அடுப்படி அமைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே அவர் சொன்னது சரியென்றே கருதினேன். நெடுநேரம் ஏதேதோ உருளும் ஓசை கேட்டது.

"வச்சுட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்குது."

"அலைவாங்கிக்கு எதிரே என்ன தெரிகிறது?"

"அடுப்படிச் செவுருதேன் தெரியுது."

அவர் அதைக் கூடத்தில் வைத்து அடுப்படியைப் பார்க்கத் திருப்பியிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுப்படியை அல்ல ஐயா, அந்தத் திசையில் உள்ள வானத்தைப் பார்க்கவேண்டும்" என்றேன்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க பேசுறது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கா, நான் சோலிய விட்டுப்புட்டு வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

முடிவில் மாட்டுக் கொட்டகையின் குட்டைச் சுவர்மேல் அலைவாங்கியை வைத்தார். பாட்டுக் கேட்டது. அதே பாட்டு என் முன்னறையிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. இருவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி அது முடியும்வரை கேட்டோம்.

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. காலையில் பாட்டுத் தொடங்கியதும், இராகத்தை யார் முதலில் கண்டுகொண்டாரோ அவர் மற்றவரை அழைக்கவேண்டும். திருவிழா நாயனத்தில் பழகிய காது அவருடையது. முந்திக்கொள்வார்; பெரும்பாலும் தவறாகச் சொல்வார்.

"அய்யா, மோகனம்!"

"இறங்கும்போது கவனியுங்கள். இது பிலகரி."

"ஏறும்போது மோகனமாத்தான ஏறுச்சு? எறங்குறப்ப மாறுனா அதுக்கு நானா பொறுப்பு?"

சில நாட்களில் அவருடைய அழைப்பு இரங்கல் செய்திபோல் வரும். "அய்யா, இந்தச் செவல மாடு எந்திரிச்சு நின்டுருச்சு. மறைக்குது. பாட்டுப் போச்சு. நல்ல எடத்துல விட்டுட்டேன், என்னன்னு சொல்லுங்க." எனக்குப் பாட வராது. ஆயினும் அவருக்காக, தொலைபேசிக் குழாயை வானொலியருகே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆண்டுகள் சில கழிந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. அவர் வீட்டில் எத்தனை பேர், அவர் உடல் நலம் எப்படி என்றெல்லாம் நான் கேட்டதில்லை. என் மனைவியைப் பற்றி அவரும் வினவியதில்லை. இந்தப் பாட்டு எனக்கு ஒலிக்கும் அதே நொடியில் வேறொரு செவியிலும் விழுகிறது, அச்செவிக்குரியவர் என்னை அறிவார் என்பதே போதுமானதாக இருந்தது. அந்நாளில் நான் வீட்டில் தனியாக இருந்தேன் என்று சொல்ல இயலாது.

ஒரு காலை, பெட்டி பேசவில்லை. அடுத்த வீட்டு முருங்கை வளர்ந்துவிட்டதோ என்று ஐயுற்று அலைவாங்கியை மாடிக்குக் கொண்டுபோனேன். வெயிலில் நின்று இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டிருக்கையில் அலைபேசி ஒலித்தது.

"அய்யா, உங்களுக்கும் போச்சா?"

"போயிற்று."

"இங்க மாடு படுத்துத்தேன் கெடக்கு" என்றார்.

கடைக்காரரைக் கேட்டேன். "கம்பெனியவே மூடிட்டாங்க சார். இனிமே வராது" என்றார். அவர் வேறு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். மேலும் வினவ மனம் வரவில்லை.

இசை எனக்கு வேறு வழிகளிலும் கிடைக்கும். குறுந்தட்டுகள் இருந்தன, அரசு வானொலி இருந்தது. நான் அஞ்சியது வேறொன்றுக்கு. அந்த மனிதர் என் வாழ்விலிருந்து போய்விடுவாரோ என்பதே அச்சம். அவரும் அதையே அஞ்சினார் போலும். மறுநாள் வழக்கமான வேளையில் அழைத்தார்.

"சாப்டீகளா?"

"ஆயிற்று. நீங்கள்?"

"ஆச்சு. அங்கிட்டு மழ உண்டா?"

"இல்லை."

"இங்கயும் இல்ல."

அதற்குமேல் இருவரிடமும் ஒன்றுமில்லை. "வச்சுரட்டுமா?" என்றார். வைத்துவிட்டார்.

நான் ஓர் உபாயம் கண்டேன். ஒரே குறுந்தட்டின் இரண்டு படிகளை வாங்கி, ஒன்றை அவருக்கு அனுப்பினேன். காலையில் அலைபேசியில் பேசிக்கொண்டே இருவரும் ஒன்றாகப் பொத்தானை அமுக்குவது என்பது ஏற்பாடு. அமுக்கினோம். அவர் வீட்டுப் பாட்டு என் வீட்டுப் பாட்டுக்குச் சற்றே பின்னால், தூக்கத்தில் நடப்பவர்போல் வந்தது. மறுபடி அமுக்கினோம். இம்முறை என்னுடையது பின்தங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

"அய்யா, அடுத்து என்ன வரும்னு அட்டையிலயே போட்டுருக்கே" என்றார் அவர். "அப்பறம் என்னத்தக் கண்டுபிடிக்க?"

சில நாட்களில் அவருடைய அழைப்புகள் குறைந்தன. நான் அழைத்தால், பேசுவதற்குப் பொருள் தேடி அவர் படும் சங்கடம் மூச்சிலேயே தெரிந்தது. இவ்வாறு தேய்ந்து முடிவதைக் காட்டிலும் நேரில் சென்று பார்த்துவிடுவது மேல் என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணி நிலையத்தில் பேருந்து ஏறினேன்.

நெடுஞ்சாலை நிறுத்தத்தில் காத்திருந்தார். அவருடைய கனத்த குரலை வைத்து நான் எண்ணியிருந்த உருவம் வேறு. மெலிந்த, உயரம் குறைந்த மனிதர் முன்வந்து கைகுவித்தார். அவருக்கும் ஏமாற்றமாக இருந்திருக்கலாம். வீட்டில் அவருடைய மருமகள், "மாமா, இவுகதேன் அந்த ரேடியோ அய்யாவா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் கொண்டுவந்தாள். அன்பான வீடு. கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். நான் புலால் உண்ணேன் என்பதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவசரமாக இரசம் வைத்தார்கள்.

உண்டபின் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்தோம். அலைபேசியில் பேசும்போது கண்ணுக்கு வேலையில்லை; இங்கே எங்கே பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. மருமகள் தொலைக்காட்சியைப் போட்டாள். தொடர் ஒன்றில் யாரோ அழுதார்கள். நாங்கள் நன்றியுடன் அதைப் பார்த்தோம்.

கொட்டகையைக் காட்ட அழைத்துப்போனார். சுவர்மேல் அலைவாங்கி இன்னும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

"எடுத்து வைக்கவில்லையா?" என்றேன்.

"எடுத்து என்ன செய்ய? அதுபாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றோம். சரக்கு வண்டிகள் இரைந்துகொண்டு போயின. கடைசியில் அவர், "தப்பா நெனைக்காதீக. வேலயில்லாம ஒரு மனுசர்ட்ட எப்பிடிப் போன் பேசுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

"எனக்கும் தெரியவில்லை" என்றேன். அது உண்மை.

பேருந்து வந்தது. நான் ஏறி அமர்ந்ததும் சன்னலருகே வந்து, "வீட்டுக்குப் போனதும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிருங்க. எடுக்க மாட்டேன். சேந்துட்டீகன்னு நெனச்சுக்கிருவேன்" என்றார்.

திருநகர் வந்து சேர மாலையாகிவிட்டது. பூட்டைத் திறந்து, காலணியைக் கழற்றாமலே அவரை அழைத்தேன். ஒருமுறை மணி ஒலித்தது. நான் துண்டிக்கவில்லை. மீண்டும் ஒலித்தது. எடுப்பார், "என்னங்கய்யா?" என்பார் என்று காத்திருந்தேன். என்ன சொல்வது என்று ஆயத்தம் ஏதும் செய்துகொள்ளவில்லை; எதையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சொன்ன சொல் தவறாதவர். மணி ஒலித்து ஒலித்துத் தானாகவே ஓய்ந்தது. நான் நலமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அங்கே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.